நாலு நல்ல வார்த்தை

"உங்களை எங்களுக்கு ரொம்பப் பிடிச்சிருந்தது, மிஸ்டர் ஹௌகன். ஆனா..."

அந்த 'ஆனா' காதில் விழுந்ததுமே டேல் ஹௌகன் போனைச் சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொண்டான். மீதி அவனுக்கு மனப்பாடம். டுலூத் நகரக் காகித ஆலையை இழுத்து மூடிய பிறகு அவன் கேட்கும் நாலாவது 'ஆனா' இது.

"நேர்ல சிரிச்சுச் சிரிச்சுப் பேசறாங்க கார்லா. அந்த மேனேஜர் என் தோளைத் தட்டி, 'எப்ப வந்து சேர முடியும்?'னு கூடக் கேட்டாரு. ரெண்டு நாள் கழிச்சு போன் பண்ணி 'ஆனா'ங்கறாங்க."

பல் டாக்டர் ஒருவரிடம் வரவேற்பு மேஜையில் உட்காரும் அவன் மனைவி கார்லா, மனிதர்களைப் பல்லை வைத்தே எடை போடுகிறவள்.

"நீ சிரிச்சா ஓநாய் மாதிரி இருக்கே. கொஞ்சம் குறைச்சுச் சிரி."

டேல் சிரிப்பைக் குறைத்தான். டையை மாற்றினான். முடியை வெட்டினான். ஐந்தாவது 'ஆனா' வந்தது.

வேலையில்லாதவர்களுக்கான உதவித்தொகை வசந்த காலத்தோடு நின்றுவிடும் என்பது ஒரு கவலை. அதைவிடப் பெரிய கவலையை அவன் கார்லாவிடம்கூடச் சொல்லவில்லை. எந்த லாரி எப்போது வரவேண்டும், எந்தச் சரக்கு எதில் ஏறவேண்டும் என்று பதினெட்டு வருடம் ஓர் ஆலையையே ஓட்டிய மனிதனுக்கு, 'நாம் எதற்கும் லாயக்கில்லையோ?' என்று சந்தேகம் வந்துவிட்டது.

வேலைவாய்ப்பு மையத்தில் பிரெண்டா என்ற ஆலோசகி அவன் தாள்களைப் புரட்டிப் பார்த்தாள்.

"உங்களைப் பத்தி விசாரிக்க யார் பேரைக் குடுத்திருக்கீங்க? பழைய முதலாளி இல்லையா?"

"அவர் அரிசோனாவுல கோல்ஃப் ஆடறாரு. போனை எடுக்கறதே இல்ல. அதான் தெரிஞ்சவங்க மூணு பேரைப் போட்டிருக்கேன்."

மூவரும் கண்ணியமானவர்கள்தான். எதிர்வீட்டு ஓஸ்பி டீச்சர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. லூத்தரன் சர்ச்சின் போதகர் ஹல்வர். பேட்டையின் பனிச்சறுக்கு மைதானத்தைப் பார்த்துக்கொள்ளும் மார்வ், டேலோடு பள்ளியில் படித்தவன்.

"'நல்ல மனுஷன்'னு மட்டும் சொன்னா இந்தக் காலத்துல எடுபடாது. உருகி உருகி நாலு நல்ல வார்த்தை சொல்லணும். அதுக்கு உங்க உழைப்பை அவங்க கண்ணால பாக்கணும். போய் ஏதாவது செஞ்சு குடுங்க. உங்களுக்கும் மனசு சோராம இருக்கும்" என்றாள் பிரெண்டா.

நல்ல யோசனை. மறுநாள் விடிந்ததும் டேல் ஓஸ்பி டீச்சர் வீட்டு வாசலில் முழங்காலளவு கிடந்த பனியைத் தள்ளி ஒதுக்கினான். டீச்சர் ஜன்னலோரம் காபியோடு நின்று, வகுப்பைக் கண்காணிப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்படி ஒரு சுத்தத்தை நான் பார்த்ததே இல்லப்பா! நாளைக்கும் பனி கொட்டுமாம்."

நாளைக்கும் கொட்டியது. டேலும் வந்தான். அந்த வாரமே ஆறாவது 'ஆனா'வும் வந்தது.

அதைச் சொல்ல டீச்சர் வீட்டுக் கதவைத் தட்டினான். அவன் வாயைத் திறக்குமுன் ஒரு தட்டு எலுமிச்சை கேக் கைக்கு வந்துவிட்டது.

"மனசைத் தளர விடாதே. போன் வந்தப்ப உன்னைப் பத்திச் சொல்ல வேண்டியதை எல்லாம் சொல்லிட்டேன். ஒண்ணையும் மிச்சம் வைக்கல."

டீச்சர் சரி. அப்படியானால் போதகர்தான் சொதப்புகிறார் என்று டேல் முடிவுகட்டினான். சர்ச்சின் கொதிகலன் மூன்று குளிர்காலமாக இருமிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றி மாட்டினான். காபி அண்டாவைத் தேய்த்தான். இறைச்சி உருண்டை விருந்துக்கு மேஜைகளைப் போட்டு, முடிந்ததும் மடித்து அடுக்கினான்.

"உன்னை அந்தக் கர்த்தரே எங்ககிட்ட அனுப்பியிருக்காரு, டேல்" என்றார் போதகர் கண்கலங்க.

"அதை வேலை குடுக்கறவங்ககிட்டயும் சொல்லுங்க, போதகரே."

"அவர் சித்தம் எதுவோ அதுதான் நடக்கும். ஆமா, வியாழக்கிழமை வேற ஒண்ணும் வேலை இல்லியே உனக்கு?"

ஏழாவது 'ஆனா' வந்த அன்று, பாக்கியிருப்பது மார்வ் ஒருவன்தான் என்று டேல் மைதானத்துக்கு ஓடினான். குழாயைப் பிடித்துத் தண்ணீர் பாய்ச்சிப் பாய்ச்சிப் பனித்தரையைக் கண்ணாடியாக்கினான். ஹாக்கி ஆட வரும் பிள்ளைகள் டேலைக் கண்டதும் கைதட்டினார்கள்.

"டேய், உன்னைப் பத்தி அவங்ககிட்ட பத்து நிமிஷம் பேசினேன்டா! கேட்டவங்க வாயடைச்சுப் போயிட்டாங்க" என்றான் மார்வ், நாற்காலியில் சாய்ந்தபடி.

"அப்புறம் ஏன்டா வேலை கிடைக்கல?"

"காலம் கெட்டுக் கிடக்குடா. அந்த மூலையில கொஞ்சம் மேடா இருக்கு பாரு."

வீட்டில் கார்லா பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள்.

"ஆலைக்குப் போனப்பகூட ஞாயித்துக்கிழமை வீட்ல இருந்தே. இப்ப வேலை இல்லாம இருக்கே, உன் மூஞ்சியைப் பாக்கவே முடியல. ஊரான் வாசல் எல்லாம் பளிங்கு மாதிரி இருக்கு. நம்ம வாசல்ல காரைக் காணோம்!"

கார் காணாமல் போகவில்லை. பனிக்குள் இருந்தது. எட்டாவது நேர்முகத்துக்குக் கிளம்பும்போதுதான் டேலுக்கு அது தெரியவந்தது. துடுப்பும் படகும் செய்யும் சின்னத் தொழிற்சாலை, ஏரிக்கரையில். சரக்கு அனுப்பும் பிரிவுக்கு ஆள் தேவை. அவனுக்கென்றே செய்த வேலை.

மார்வுக்குப் போன் போட்டு வண்டி கேட்டான். நேர்முகம் என்றதும் மார்வுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.

டேல் நடந்தான். விடியற்காலை மைதானத்தில் நனைந்த பேன்ட், ஏரிக்காற்றில் தகடாக உறைந்துபோனது. அரைமணி தாமதமாக உள்ளே நுழைந்தவனை முதலாளி ஜாய்ஸ் ஏற இறங்கப் பார்த்தாள்.

"உக்காருங்க."

"முடியாதுங்க. பேன்ட் மடங்கமாட்டேங்குது."

நேர்முகம் முழுக்க நின்றபடியே நடந்தது. ஜாய்ஸ் சிரிக்கவில்லை. தோளையும் தட்டவில்லை. "விசாரிச்சுட்டுச் சொல்றேன்" என்று மட்டும் சொன்னாள். உருகிய பேன்ட்டிலிருந்து ஒரு சிறு குளத்தை அவள் அலுவலகத்தில் விட்டுவிட்டு டேல் வீடு திரும்பினான். 'இனி விண்ணப்பமே போடுவதில்லை' என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தான். அழுகை வந்தது. வெளியே விட்டால் அதுவும் உறைந்துவிடும் என்று அடக்கிக்கொண்டான்.

சனிக்கிழமை மத்தியானம், கார்லாவின் கட்டளைப்படி அவன் தன் சொந்த வாசல் பனியைத் தள்ளிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. ஜாய்ஸ். கார்லா போனைப் பிடுங்கி இருவரும் கேட்கும்படி வைத்தாள்.

"மிஸ்டர் ஹௌகன், திங்கக்கிழமை வந்து சேர்ந்துக்குங்க."

'ஆனா'வுக்காகக் காத்திருந்தார்கள். அது வரவே இல்லை. டேல் பனியிலேயே தொப்பென்று உட்கார்ந்துவிட்டான். கார்லா படகுக்குத் துடுப்புப் போடுவதுபோல் பனித்தள்ளியை ஆட்டி ஒரு குதி குதித்தாள்.

"ரொம்ப நன்றிங்க! எனக்குத் தெரியும், கடைசியில அவங்க மூணு பேரும்தான் காப்பாத்தியிருக்காங்க. அப்படி என்னதாங்க நல்ல வார்த்தை சொன்னாங்க?"

"நல்ல வார்த்தையா? மார்வ், நீங்க எப்பவும் தண்ணியிலயே மிதக்கற ஆளுன்னாரு. போதகர், நீங்க தொட்டது துலங்காதுன்னாரு. டீச்சர், 'சுத்த சோம்பேறி, மத்தியானம் வரைக்கும் தூங்குவான்'னு சொல்லிக்கிட்டே இருந்தவங்க, நடுவுல போனை அரைகுறையாப் பொத்திக்கிட்டு, 'படியில கிடக்கற பனியையும் சேர்த்துத் தள்ளிடுப்பா டேல், உன்னை எவளுக்கும் விட்டுக்குடுக்க மாட்டேன்'னு ஜன்னல் வழியா கத்தினாங்க... ஒரு ஆளைத் தக்கவச்சுக்க மூணு பேர், அதுல ஒருத்தர் போதகர், இவ்வளவு பொய் சொல்றாங்கன்னா, அந்த ஆளை நான் விடுவேனா?"