இமைமுடிக் குச்சி

"கண்ண மூடாதீங்க சார். ஒரே ஒரு முடிதான்."

"நான் மூடலைங்க மிஸ். அதுவா மூடிக்குது."

தனுஷிகா இடுக்கியைச் சுண்டி இழுத்தாள். கஜேந்திரனுக்கு உச்சந்தலை வரை சுரீரென்றது.

தலவாக்கலைக்கு மேலே இருந்த அந்தச் சின்ன ஆய்வுக்கூடத்தில் இருவருக்கும் ஒரே வேலை. நோய் பிடித்த தேயிலைக் கொழுந்தைச் சீனிக் கரைசலில் ஊறவைத்து, திரவ நைதரசனில் உறையவைத்து, வைரக்கத்தியால் சீவுவது. அந்தச் சீவலைத்தான் எலக்ட்ரான் நுண்ணோக்கி பார்க்கும். விரல் பட்டால் போச்சு, தூரிகை பட்டாலும் போச்சு. குச்சி நுனியில் ஒட்டிய ஓர் இமைமுடியால்தான் அதை நகர்த்த முடியும். கடைசிக் குச்சியும் காலையில் ஒடிந்துவிட்டதாகத் தனுஷிகா சொன்னாள்.

"உங்களோடதையே எடுக்கலாமே மிஸ்?"

"என்னோடது குட்டை. உங்களோடதுதான் நீளம், லேசா வளைவு. பாத்து வச்சிருக்கேன்."

கஜேந்திரனின் காது சூடேறியது. நாளைக்கு அவனுக்கு இரத்தினபுரிக்கு இடமாற்றம். ஒரு வருடமாகத் தொண்டையில் நிற்கும் பேச்சை இன்று சொன்னால்தான் உண்டு.

"மிஸ், நான் ஒண்ணு..."

அந்த மூச்சில் சீவல்களோடு குச்சியில் ஒட்டிய முடியும் பறந்தது.

"பேசாதீங்க சார்!"

அடுத்த முடியைப் பிடுங்கினாள். அவன் மூச்சை அடக்கினான். அடங்கிய மூச்சு தும்மலாக வெடித்ததில் குச்சி நுனி முடி கத்தியில் மோதி மடங்கியது. வெட்கத்தில் வியர்த்து ஜன்னலைத் திறந்தான். வெளியே காத்திருந்த பனிமூட்டம் உள்ளே நுழைந்து, உறைகுளிரில் இருந்த கத்தி முழுக்க வெள்ளைப் பொடியாய்ப் படிந்தது.

"வலது கண்ணு காலி. இடது பக்கம் திரும்புங்க."

"ஊருக்குப் போனா எங்கம்மாவுக்கே அடையாளம் தெரியாது மிஸ்."

"தெரியும். வடிவாத்தான் இருக்கீங்க."

இடது கண் முடி ஒருவழியாகச் சொன்னபடி கேட்டது. சீவல்களை ஒதுக்கி, கம்பி வளையத்துச் சீனித் துளியில் ஒற்றியெடுத்து, செப்பு வலையில் வைத்து, சாயத் துளியின் மேல் மிதக்கவிட்டாள். இனிக் காத்திருப்பதுதான் வேலை. இரண்டு தலைகளும் ஒரே துளியின் மேல் குனிந்திருந்தன. இப்போது பேசலாம். மூச்சு விட்டாலும் எதுவும் பறக்காது.

"சாயம் நல்லா ஏறுமா மிஸ்?" என்றான் கஜேந்திரன். தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

"ஏறும் சார்." அவள் துளியைப் பார்க்கவில்லை. மொட்டையாய்ப்போன அவன் இமைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கூட்டிப் பெருக்கும் பேச்சியம்மா கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"மிஸ், ஒளிச்சு வைக்கச் சொல்லிக் காலையில ஒரு டப்பா குடுத்தீங்களே, முடி ஒட்டுன குச்சியா நெறஞ்சு கெடக்கே... எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு. இப்பவாவது வாங்கிக்கிறீங்களா?"