வண்டி ஓட்டத் தெரியாத டிரைவர் சார்

சைக்கிள்கூட ஓட்டத் தெரியாமல் இரண்டு மாவட்டங்களில் டிரைவர் என்று பெயர் வாங்கிய ஒரே மனிதர், எனக்குத் தெரிந்து எங்கள் டிரைவர் சார்தான். பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஓர் உரக்கடையின் மாடியில் லேப்டாப் ரிப்பேர் கடை வைத்திருந்தார். ஊர் செந்துறை. தினமும் அங்கிருந்து அரியலூருக்கு ஒரு பஸ், அரியலூரிலிருந்து பெரம்பலூருக்கு இன்னொரு பஸ். மடியில் துண்டு விரித்து, அதன்மேல் யாருடைய லேப்டாப்பையாவது வைத்து, அதையே பார்த்துக்கொண்டு வருவார். வழியில் மழை பெய்ததா என்று கேட்டால் அவருக்குத் தெரியாது.

அவர் கடைக்கு எதிர் அறையில்தான் எங்கள் ஆபீஸ். வீட்டுக்கு பிளான் போட்டுக் கொடுக்கும் இடம். இன்ஜினியர் மேடம் ஒருவர், வரைபடம் போட நான் ஒருவன். நான்கு வருடம் அவர் முகத்தில்தான் விழித்தேன்.

பெயர்க் காரணம் சொல்லிவிடுகிறேன். லேப்டாப்புக்குள்ளும் டிரைவர் உண்டு. மிஷின் சொல்வதைக் கேட்டு, திரையில் படம் காட்டும் சில்லுக்குப் புரியும்படி எடுத்துச் சொல்லும் சின்ன மென்பொருளுக்கு அதுதான் பெயர். ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு அப்டேட் வரும்போது, சில சமயம் அது பழைய டிரைவரை எழுப்பிவிட்டு, பொதுவான வேறொன்றை அந்த இடத்தில் உட்கார வைத்துவிடும். அதற்குப் பிறகு வீடியோ விக்கும். மவுஸ் அம்பு நாம் போகச் சொன்ன இடத்துக்கு யோசித்து யோசித்துப் போகும்.

பாடாலூரிலிருந்து சின்ன வெங்காய வியாபாரி ஒருவர், மகளுடைய காலேஜ் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"நேத்து வரைக்கும் நல்லாத்தாங்க இருந்துச்சு. இப்ப ஜவ்வு மாதிரி இழுக்குது."

நம்மவர் திறந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். லேப்டாப்பின் எந்தப் பாகத்தையும் மரியாதை இல்லாமல் பேச அவருக்கு வராது.

"டிரைவர் போயிட்டாருங்க," என்றார்.

வியாபாரி தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். "அடடா. எப்பங்க?"

"நேத்து சாயங்காலம். அப்டேட்டுல."

"வயசு என்ன இருக்கும்?"

"ரெண்டு வருஷம் இருக்கும்."

வியாபாரி மெல்லப் படியிறங்கி, டீக்கடையில் போய் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னார். மத்தியானத்துக்குள் இரண்டு ஆட்டோக்காரர்கள் மேலே வந்து, எடுப்பது எத்தனை மணிக்கு என்று விசாரித்தார்கள். அன்று ஒட்டிக்கொண்ட பெயர்தான். சொந்தப் பெயரை அவரிடமே கேட்டிருக்கிறேன். "இப்ப எதுக்கு அதெல்லாம்?" என்று விட்டார்.

மனிதர்களின் முகம் அவருக்கு ஞாபகம் இருக்காது. அவர்கள் கொண்டுவந்த மிஷின் மறக்காது. அரியலூரில் ஒரு கல்யாணம். ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் ஒருவர் எதிரில் வந்து வணக்கம் சொன்னார். டிரைவர் சார் வெகுநேரம் அவரை உற்றுப் பார்த்தார். பிறகு முகம் மலர்ந்து, மண்டபம் முழுக்கக் கேட்கும்படி, "ஆங்! நாலு ஜிபி! எல்லாத்தையும் மெதுவாத்தான் புரிஞ்சுக்கும், இப்ப எப்படி இருக்கு?" என்றார். மண்டபத்தில் ஹெட்மாஸ்டரின் பழைய மாணவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். அவர் இன்று வரை நாலு ஜிபி சார்தான். என் லேப்டாப்பின் ஜிபி கணக்கை வைத்து என்னை டிரைவர் சார் 'பதினாறு' என்று கூப்பிடுவார். நான் அதைப் பெருமையாகவே எடுத்துக்கொண்டேன்.

அப்டேட் ஆன மிஷினைக் கொண்டுவந்தால் உடனே கை வைக்கமாட்டார். சார்ஜ் போட்டு ஓர் ஓரமாக வைத்துவிட்டு, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். டைப்பிங் சென்டர் அக்கா ஒருவர் சண்டைக்கே வந்துவிட்டார்.

"ரெண்டு மணி நேரமா அதைத் தொடக்கூட இல்ல நீங்க. என்னதான் சார் பண்றீங்க?"

"வூட்டுக்கு வெள்ளையடிச்ச மறுநாளு எந்தச் சாமானாவது எடுத்த எடத்துல இருக்குமாம்மா? உள்ள எல்லாத்தையும் அடுக்கிக்கிட்டு இருக்கு. அடுக்கட்டும்."

"அத நான் எங்க வூட்லயே வச்சிருப்பனே!"

"வச்சிருந்தா நீங்க தட்டிக்கிட்டே இருந்திருப்பீங்க. இங்க நான் காவலுக்கு இருக்கேன்ல?"

அக்காவின் மிஷின் மறுநாள் தானாகவே சரியாகிவிட்டது. அவர் நன்றி சொல்லாமல் தூக்கிக்கொண்டு போனார். டிரைவர் சார் வாசல் வரை போய் வழியனுப்பினார், மிஷினை.

இப்படிப்பட்டவர் ஒருநாள் பட்டப்பகலில் கடையைச் சாத்தினார். அதற்குக் காரணம் நான்.

செந்துறைப் பக்கம் ஒரு ஊர். அதில் ஒரு தெரு. தாத்தா காலத்தில் கையகல நிலம் இல்லாமல் அடுத்தவர் வயலில் வேலை செய்தவர்கள். இப்போது அதே தெருவில் நர்ஸ் இருக்கிறார், எலக்ட்ரீஷியன் இருக்கிறார், வாத்தியார் இரண்டு பேர். பல வருடம் அலைந்து மெயின் ரோட்டு ஓரமாக ஓர் இடம் வாங்கினார்கள், தெருவுக்கென்று ஒரு மண்டபம் கட்ட. வெளியூர் டிரஸ்ட் ஒன்று கட்டித் தர ஒப்புக்கொண்டது. ஆனால் அவர்கள் கொண்டுவந்த பிளானில் வாசல் பின்பக்கச் சந்தில் இருந்தது. ரோட்டுப் பக்கம் ஒரு வேப்பமரம் நிற்கிறது, இடைஞ்சல் என்றார்கள்.

அந்தத் தெருவின் மகளிர் குழுத் தலைவி செல்வி அக்கா எங்கள் ஆபீசுக்கு வந்து உட்கார்ந்தார்.

"தம்பி, எங்க தாத்தனெல்லாம் எந்த வூட்டுக்குப் போனாலும் கொல்லைப்பக்கமாப் போனவங்க. நாங்களே கட்டுற மண்டபத்துக்கும் கொல்லைப்பக்கமாத்தான் போவணுமா?"

மேடம் என்னைப் பார்த்தார். மூன்று வாரம் உட்கார்ந்து, மரத்தை வெட்டாமல், ரோட்டைப் பார்த்து வாசல் வைத்து ஒரு பிளான் போட்டேன். வெறும் கோடு போட்டால் டிரஸ்ட்காரர்களுக்குப் புரியாது என்று, ரோட்டிலிருந்து நடந்து உள்ளே போவதுபோல் லேப்டாப்பில் ஓடும் படமாகவும் செய்தேன். அரியலூரில் மீட்டிங். காலை பதினோரு மணி. டிரஸ்ட்காரர்கள் பார்த்துவிட்டு அன்றே முடிவு சொல்வார்கள்.

மீட்டிங்குக்கு முதல் நாள் சாயங்காலம் லேப்டாப் அப்டேட் வேண்டுமா என்று கேட்டது. காலையிலிருந்து கேட்டுக்கொண்டேதான் இருந்தது. வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் சரி என்று அழுத்திவிட்டுப் போய்விட்டேன்.

மறுநாள் ஒன்பது மணிக்குப் படத்தை ஓடவிட்டேன். முதலில் வானம் வந்தது. பிறகு வெகுநேரம் வானம் மட்டுமே இருந்தது. வேப்பமரம் மைசூர்பாகு வெட்டியதுபோல் கட்டம் கட்டமாக வந்து சேர்ந்தது. சுவர் வருவதற்குள் டீ ஆறி ஆடை கட்டிவிட்டது. மேடம் ஏற்கெனவே செல்வி அக்காவோடு அரியலூரில் இருந்தார். நான் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு எதிர் அறைக்கு ஓடினேன்.

டிரைவர் சார் ஒரு ஜன்னலைப் பிடித்துத் திரையில் இப்படியும் அப்படியும் ஆட்டினார். அதன் பின்னாலேயே ஏழெட்டு ஜன்னல்கள் வால் மாதிரி வந்தன.

"எப்ப அப்டேட் குடுத்தீங்க?"

"நேத்து சாயங்காலம் சார்."

"இன்னிக்கி என்ன?"

"பதினோரு மணிக்கு மீட்டிங்கு. அரியலூர்ல."

கண்ணாடியைக் கழற்றினார். "பதினாறு, கல்யாணத்துக்கு மொத நாளு யாராச்சும் பல்லு புடுங்குவாங்களா?"

செல்வி அக்கா சொன்னதை அவரிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டே எழுந்து ஷட்டரை இறக்கினார். "பஸ்ஸுலயே பாத்துருவோம். வாங்க."

பஸ் டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது சீட் கிடைத்தது. துண்டு விரிந்தது, மிஷின் மடியேறியது. நாலு ரோடு சந்திப்பைத் தாண்டியதும் பஸ் இரைச்சல் அதிகமானது. அதனால் அவரும் குரலை உயர்த்தினார்.

"இந்த டிரைவரு சரியில்லீங்க!"

"அப்படிங்களா சார்?"

"இவருக்கு ஒண்ணுமே தெரியல. யாரோ ஒருத்தரக் கொண்டாந்து உக்கார வச்சிருக்காங்க. அதான் இந்த இழுப்பு இழுக்குது!"

"இப்ப என்ன சார் பண்றது?"

"இவரத் தூக்கிட்டு, பழைய டிரைவரக் கொண்டாரணும். வேற வழியில்ல!"

பஸ் ஓரம் கட்டி நின்றது. இரண்டு பக்கமும் மக்காச்சோளம். டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டுத் திரும்பினார்.

"யாருங்க அது? பதினெட்டு வருஷமா ஓட்டுறேன். ஒரு கோழி மேல ஏத்துனதில்ல. என்னையத் தூக்கிருவீங்களா?"

முன் சீட்டில் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா உடனே சேர்ந்துகொண்டார். "அதான! போன வாரங்கூட கை காட்டக் காட்ட நிக்காமப் போனீங்கள்ல?"

கண்டக்டர் இரு தரப்புக்கும் நடுவில் வந்து நின்றார். எங்கள் டிரைவர் சார் மட்டும் திரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "நிறுத்துனது நல்லதாப் போச்சுங்க, குலுங்கல. இன்னும் ரெண்டு நிமிஷம் அப்படியே நில்லுங்க. ஆளு மாறிருவாரு," என்றார்.

பஸ் டிரைவர் எழுந்து வந்துவிட்டார். நான் குறுக்கே விழுந்து, லேப்டாப், டிரைவர், அப்டேட், மண்டபம், வாசல் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவர் குனிந்து திரையைப் பார்த்தார். வானமும் அரை வேப்பமரமும் தெரிந்தன.

"வாசல் ரோட்டப் பாத்து வரணும்னு கேக்கறாங்களா?"

"ஆமாங்க."

"எத்தனை மணிக்கு?"

"பதினோரு மணி."

போய் உட்கார்ந்து வண்டியை எடுத்தார். கைகாட்டியவர்கள் யாருக்கும் அன்று அவர் நிற்கவில்லை. கூடைக்கார அம்மா மட்டும், "பாத்தீங்களா, நான் சொன்னேன்ல?" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

அரியலூரில் இறங்கும்போது பஸ் டிரைவர் ஜன்னல் வழியாகக் கேட்டார். "அந்தப் பழைய டிரைவரு வந்துட்டாருங்களா?"

"வந்துட்டாருங்க."

"நான் விசாரிச்சேன்னு சொல்லுங்க."

"சொல்றேங்க," என்றார் டிரைவர் சார். சொல்லியும் இருப்பார்.

மீட்டிங் நடந்த அறையில் டிரஸ்ட்காரர்கள் நான்கு பேர் ஒரு பக்கம், தெருக்காரர்கள் இருபது பேர் மறுபக்கம். படம் தங்குதடையில்லாமல் ஓடியது. மேடம் மூச்சு விட்டார். சுவரில் பெரிதாகக் காட்டலாம் என்று புரொஜெக்டர் வயரைச் செருகினோம். மறுபடியும் வானம்.

"ரெண்டு திரையத் தாங்காது. வயரப் புடுங்குங்க," என்றார் டிரைவர் சார். "எல்லாரும் எந்திரிச்சு இங்க வாங்க."

இருபத்து நான்கு பேர் ஒரு சின்னத் திரையைச் சுற்றி நெருக்கியடித்து நின்றார்கள். டிரஸ்ட் தலைவரின் தோளுக்கு மேலே செல்வி அக்காவின் தலை. டிரைவர் சார்தான் மவுஸைப் பிடித்திருந்தார். படம் ரோட்டிலிருந்து மெல்லக் கிளம்பி, வேப்பமரத்தடிக்கு வந்து, வாசலுக்கு நேராகப் போய் நின்றது. நின்றது நின்றதுதான்.

ஒரு நிமிடம் ஆயிற்று. இரண்டு நிமிடம் ஆயிற்று. பார்க்க வேறு எதுவும் இல்லாததால் எல்லோரும் அந்த வாசலையே பார்த்தார்கள். யாரோ ஒருவர், பந்தல் போட்டால் மரத்தில் கயிறு கட்டலாம் என்றார். இன்னொருவர், பொண்ணு மாப்பிள்ளை கார் அங்கே நிற்கும் என்றார். செல்வி அக்கா விரலை நீட்டித் திரையில் வாசற்படியைத் தொட்டார். "இதுல ஏறித்தான போவோம்?" என்றார். யாரிடம் கேட்டார் என்று தெரியவில்லை.

டிரஸ்ட் தலைவர் கொஞ்ச நேரம் அந்த விரலையே பார்த்தார். "வாசல் இங்கயே இருக்கட்டும்மா," என்றார்.

அதற்குப் பிறகு படம் நகர்ந்து உள்ளே போனது. உள்ளே யாரும் பார்க்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் டிரைவர் சாரிடம் கேட்டேன். "நீங்களா சார் நிறுத்துனீங்க?"

"எனக்கு டிரைவரத்தான் மாத்தத் தெரியும், பதினாறு. பிரேக்கு போடறதெல்லாம் தெரியாது," என்றார். முகத்தில் ஒன்றும் இல்லை. ஆனால் அன்றுதான் முதல்முறையாக அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்ததைப் பார்த்தேன்.

மண்டபம் கட்டி முடித்து, இரண்டு கல்யாணமும் ஆகிவிட்டது. நான் கோயம்புத்தூருக்கு வந்துவிட்டேன். புது மிஷின், இதுவரை ஒரு தொந்தரவும் இல்லை. இருந்தாலும் மாதத்துக்கு ஒரு முறை பெரம்பலூருக்குப் போன் போடுகிறேன். கோளாறு எதுவும் இல்லை என்று சொன்னால் அவர் உடனே வைத்துவிடுவார். அதனால் கூப்பிடுவதற்கு முன்னால் ஒரு கோளாறை யோசித்து வைத்துக்கொள்கிறேன்.