ஏணியைப் பிடித்த குடைக்காரன்

குந்தாரப்பள்ளி,
20-5-1952

பாரூர் சம்பந்தி நாராயணப்பன் அவர்களுக்கு, கங்கப்பன் கைகூப்பி எழுதிக்கொண்டது. இங்கு யாவரும் சுகம். அங்கு சம்பந்தியம்மாள், மாப்பிள்ளை, கறவை மாடுகள் எல்லாரும் சுகமாயிருக்க வேண்டும். நேற்றுக் காலை நம் பூவம்மாள் ஆண் பிள்ளை பெற்றாள். இருவரும் நலம். வெளியே கொட்டோ கொட்டென்று மழை. வீட்டுக்குள் ஒரு சொட்டு இல்லை. அது தங்கள் புண்ணியம். ஐந்து மாதமாகத் தங்களோடு பேசாத எனக்கு நேரில் நன்றி சொல்ல வாய் வராது. அதனால்தான் இந்தக் கடிதம்.

தை மாதத் தேர்தலில் நான் குடைச் சின்னம், தாங்கள் ஏணிச் சின்னம். அந்தச் சின்னங்களில் நின்ற வேட்பாளர்கள் இருவருமே சுயேச்சைகள், அதற்கு முன் அவர்களை நாம் கண்ணால் கண்டதில்லை. ஆனாலும் தங்கமான மனிதராயிருந்த தங்களிடம் திடீரென்று எல்லாமே குற்றமாகத் தெரிந்தது. தாங்கள் வெற்றிலை மெல்லுவதில்கூடச் சூது இருப்பதாக என் வீட்டுக்காரி சரசம்மாவுக்கு விளக்கினேன். மழை வருமென்று தாங்கள் சொன்னதாகக் கேட்டு, வேண்டுமென்றே ராகியை வெளியில் காயப்போட்டேன், முளைத்துவிட்டது. ஏரி மதகைச் சரிசெய்யக் கூடிய கூட்டத்தில் முதலில் பேசியவர் ஏணிக்காரர் என்பதால் குடைக்காரர்கள் எழுந்து வந்துவிட்டோம். மதகு இன்னும் ஒழுகுகிறது. ஏணிக்காரர்கள் குடை பிடிக்காமல் சந்தையில் நனைந்தார்கள். நாங்கள் ஏணியில் கால் வைப்பதில்லை என்று சத்தியம் செய்து, கூரை வேயாமல் வீட்டுக்குள் நனைந்தோம். வேட்பாளர்கள் இருவரும் தோற்று ஒரே காரில் ஊர் போய்ச் சேர்ந்தார்கள். நாம் மட்டும் விடவில்லை. தலைப்பிரசவத்துக்குப் பெண்ணை நான் வந்து அழைத்து வருவதுதான் முறை. ஏணிக்காரர் வாசலை மிதிப்பதா என்று வரவில்லை. "ஏணி மேல கால வெச்சா கால் ஒடஞ்சா பூடும்? ஒழுவுற வூட்ல பச்சப்புள்ளய எங்க போடறது?" என்று சரசம்மா தினமும் கத்தினாள். நான் அசையவில்லை.

போன வெள்ளிக்கிழமை மழையில் தங்கள் வண்டி வந்து நின்றது. தாங்கள் தொப்பலாக நனைந்தபடி பூவம்மாளின் தலைக்கு மேல் குடை பிடித்திருந்தீர்கள். ஏணிக்காரர் கையில் குடை! உள்ளே நாலு இடத்தில் ஒழுக்குக்குச் சட்டி வைத்திருந்ததைப் பார்த்தீர்கள். பக்கத்து வீட்டு ஷேக் தாவூத்திடம் ஏணி வாங்கிவந்து சாத்தினீர்கள். "நீங்க ஏற வாணாம் சம்பந்தி, கீழ புடிச்சிக்கோங்க. கால் வெக்கறதில்லன்னு தான சத்தியம்? கைய வெக்கலாம்ல?" என்றீர்கள். தாங்கள் மேலே ஏறிக் கூரை வேய, ஏணியைப் பிடித்துக்கொண்டு நான் அழுதேன். முகத்தில் வழிந்தது மழை என்று நினைத்திருப்பீர்கள். மழை இல்லை.

நாட்டுக்கு என் ஓட்டை ஒழுங்காகப் போட்டேன்; வீட்டுக்குத்தான் தவறிவிட்டேன். மன்னிக்க வேண்டும். பேரனுக்குப் பெயர் வைக்க எல்லாருமாக வாருங்கள். மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதம், சம்பந்தியம்மாளுக்கு வணக்கம், வண்டி இழுத்த மாடுகளுக்கு ஒரு கட்டுப் புல் என் பேரில் போடவும்.

தங்கள் நன்றி மறவாத,
கங்கப்பன்

பின்குறிப்பு: இதை எழுதி முடித்தபோது, தேர்தல் சாவடியில் வேலை பார்த்த வாத்தியார் வந்தார். ஒவ்வொரு சின்னத்துக்கும் தனித்தனியாக வைத்திருந்த பெட்டியின் மேலே வைத்த ஓட்டுச் சீட்டெல்லாம் கணக்கில் சேரவில்லையாம். வாய் வழியாக உள்ளே போட்டிருக்க வேண்டுமாம். நான் செருப்பைக் கழற்றி, குடைப் பெட்டியைக் கும்பிட்டு, பூ வைக்கிற மாதிரி மேலேதான் வைத்தேன். தாவூத்தும் ஏணிப் பெட்டியின் மேல் மரியாதையாக வைத்துவிட்டுத்தான் வந்தாராம். தாங்களாவது உள்ளே போட்டீர்களா? போட்டிருந்தால் எனக்குத் தெரிவிக்க வேண்டாம். மறுபடியும் கோபம் வந்துவிடும்.