முழுப் பொறுப்பும் ஏற்றுக்கொண்ட கிரேடி லிண்ட்குவிஸ்ட்

தலைவர்கள் பிறப்பதில்லை. ஏரிக்கரை விடுதியில், மூன்று நாள் முகாமில், காலை உணவு உட்பட உருவாக்கப்படுகிறார்கள். விஸ்கான்சின் மாநிலத்துப் பிர்ச் ஹாலோவில் சாலையோரத் தபால் பெட்டிகள் செய்யும் லிண்ட்குவிஸ்ட் கம்பெனிக்கு இந்த உண்மை விளங்க அறுபது வருடம் ஆனது. அதுவரை அது, பாவம், வெறும் முதலாளிகளை வைத்துக்கொண்டு லாபம் பார்த்துக் காலந்தள்ளியது.

ஸ்தாபகரின் பேரன் கிரேடி, போன செப்டம்பரில் முதலாளியாக முகாமுக்குப் போய்த் தலைவராகத் திரும்பினார். திங்கட்கிழமை காலை நேரே பொருத்தும் பிரிவுக்கு வந்தார். அங்கே மேற்பார்வை வெர்னா ஸ்டோல்பெர்க். இருபத்தாறு வருடமாகப் பெட்டிகளில் சிவப்புக் கொடி மாட்டும் வேலையைக் கவனித்து வருபவள்.

"வெர்னா, கொடி இனிமே இடது பக்கம்."

"ஏன்?"

"இதயம் இடது பக்கம்தானே இருக்கு."

வெர்னா தன் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தாள். வீட்டுக்காரர் அனுப்ப வேண்டிய கடிதத்தைப் பெட்டிக்குள் வைத்துவிட்டுக் கொடியைத் தூக்கிவிடுவார். வண்டியில் வரும் தபால்காரர் தூரத்திலேயே அதைப் பார்த்து, நிறுத்தி, எடுத்துப் போவார். கொடி வலது பக்கம் இருப்பதற்கு அந்த ஒரு காரணம்தான் உண்டு. தொலைநோக்கு உள்ளவர்களுக்கு இப்படிக் கிட்டத்துச் சங்கதிகள் கண்ணில் படுவதில்லை.

"இடது பக்கம் மாட்டினா, தபால்காரர் பெட்டியைத் தாண்டிப் போனப்புறம்தான் கொடி தெரியும், கிரேடி."

கிரேடி நெஞ்சில் கை வைத்துக் கண்ணை மூடினார். "தாண்டிப் போனப்புறம்தான் தெரியும்னு நீங்க உணர்றீங்க."

"உணரலை. அப்படித்தான்."

"அப்படித்தான்னு உணர்றீங்க."

"நான் பேசறது உங்க காதுல விழுதா?"

"விழுது. அதுக்குன்னே ஒரு நாள் முழுக்கப் பயிற்சி குடுத்தாங்க."

பக்கத்து இயந்திரத்தில் தகடு வளைத்துக்கொண்டிருந்த ஆர்வில் நிமிராமலே சொன்னார்: "விடும்மா வெர்னா. பயிற்சி எடுத்த காதுகிட்டப் போய்ப் பேசிக்கிட்டு."

பன்னிரண்டாயிரம் பெட்டிகள் இதயப் பக்கம் கொடியோடு கடைகளுக்குப் போயின. ஜனவரியில், பனி கொட்டும்போது, திரும்பி வந்தன. கொடியைத் தாண்டிப் போன தபால்காரர்கள் வண்டியைப் பின்னால் எடுத்ததில், இரண்டு பேர் பள்ளத்திலேயே இறங்கியிருந்தார்கள். கிடங்கு நிறைந்து, மிச்சம் வாகன நிறுத்தத்தில் அடுக்கிக் கிடந்தது.

இதில் வெர்னாவுக்குச் சொந்தக் கவலை ஒன்று இருந்தது. அவள் கணவர் ஹார்லன், ஊன்றுகோலுக்குப் பதில் பழைய பனிச்சறுக்குக் கோலை ஊன்றிக்கொண்டு தினம் முப்பது மாடு கறப்பவர். மார்ச் பதினாலாம் தேதி அவருக்கு முழங்கால் அறுவை சிகிச்சை. பண்ணைக்காரருக்கு ஏது மருத்துவக் காப்பீடு? வெர்னாவின் வேலையோடு வந்த காப்பீடுதான் இருவருக்கும்.

"இன்னும் ஏழு வாரம்தான்" என்றார் ஹார்லன். "அதுவரைக்கும் வாயை மூடிக்கிட்டு இரு."

"மூடிக்கிட்டுத்தான் இருக்கேன்."

"நீயா?"

"ஒரே ஒரு தடவைதான் திறந்தேன்."

பிப்ரவரி முதல் வாரம் எல்லோரையும் உணவுக்கூடத்துக்கு அழைத்தார்கள். மேசை மேல் மேப்பிள் பாகு தடவிய டோனட்டுகள். அதைப் பார்த்ததுமே அனுபவசாலிகளுக்கு விஷயம் புரிந்துவிட்டது; அந்தக் கம்பெனியில் நல்ல செய்திக்கு வெறும் காப்பிதான்.

கிரேடி, தலைவருக்கும் தொழிலாளிகளுக்கும் நடுவே உள்ள 'தடைகளை' உடைப்பதற்காக ஒரு பிளாஸ்டிக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்.

"தப்பு என்னோடது. முழுக்க முழுக்க என்னோடது. உங்க யார் மேலயும் துளி பழி கிடையாது. முழுப் பொறுப்பையும் நான் ஏத்துக்கறேன்."

குரல் உடைந்தது. பணியாளர் பிரிவு பெய்ஜ் காகிதக் கைக்குட்டை நீட்டினாள். பலத்த கைதட்டல். ஒரு கையில் டோனட் இருந்ததால் ஆர்வில் மறு கையால் தொடையைத் தட்டினார்.

"அதனால" என்றார் கிரேடி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆறு பேரை நாம வழியனுப்பறோம்."

பெய்ஜ் பெயர்களைப் படித்தாள். வேலை நீக்கத்துக்கு அங்கே 'பயணத் திசைமாற்றம்' என்று பெயர். மூன்றாவது பெயர் வெர்னா.

வெர்னா எழுந்தாள். "அதனாலன்னா, எதனால?"

"நான் பொறுப்பு ஏத்துக்கிட்டதனால."

"ஏத்துக்காம இருந்திருந்தா?"

கிரேடி நேர்மையாக யோசித்தார். "அது கோழைத்தனம், வெர்னா."

"கொஞ்சம் கோழையா இருந்திருக்கலாமே" என்றார் ஆர்வில். அவர் பெயர் ஐந்தாவது.

"பொறுப்பு முழுசும் உங்களோடதுன்னா, போறதும் நீங்கதானே போகணும்?" என்றாள் வெர்னா.

கிரேடி புண்பட்டார். "கஷ்ட காலத்துல ஒரு தலைவன் ஓடிப் போகமாட்டான். இருந்து தாங்குவான்."

"நானும் இருந்து தாங்கறேனே. மார்ச் பதினாலு வரைக்கும்."

"உங்க வலி எனக்குக் கேக்குது, வெர்னா."

"என் வலி இல்லை. ஹார்லனோட முழங்கால்."

"ஹார்லனோட முழங்காலும் கேக்குது."

"காப்பீடு மாசக் கடைசி வரைக்கும் உண்டு" என்று பெய்ஜ் ஆறுதலாகச் சொன்னாள். "பிப்ரவரிக்கு இருபத்தெட்டு நாள்தான்ங்கறதுக்கு நாங்க பொறுப்பில்லை."

"அது ஒண்ணுக்கு மட்டும் இல்லையாக்கும்" என்றாள் வெர்னா.

இருபத்தாறு வருடத்தையும் போட்டுக் கொண்டுபோக அவளுக்கு ஓர் அட்டைப்பெட்டி கொடுத்தார்கள். பாதிகூட நிறையவில்லை. வீட்டுக்குப் போனதும் ஆஸ்பத்திரிக்குத் தொலைபேசி செய்து, மார்ச் பதினாலாம் தேதியை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னாள். ஹார்லன் கோலை எடுத்துக்கொண்டு மாடு கறக்கப் போனார்.

ஏப்ரலில் வட்டார வியாபாரிகள் கூடி, 'துணிச்சலான தலைவர்' என்று கிரேடிக்கு ஒரு கண்ணாடிக் கேடயம் கொடுத்தார்கள். இவ்வளவு பெரிய சுமையை ஒற்றை ஆளாக எப்படித் தாங்கினீர்கள் என்று ஒருவர் கேட்டார்.

"ஒத்தை ஆளா தாங்கக் கூடாது" என்றார் கிரேடி அடக்கமாக. "தலைவன்னா பகிர்ந்து குடுக்கத் தெரியணும்."

அவருக்குத் தெரிந்திருந்தது. பொறுப்பு முழுவதையும் தாமே வைத்துக்கொண்டு, தண்டனையை மட்டும் ஆறு பேருக்குப் பகிர்ந்து கொடுத்தார். வெர்னாவின் பங்கு ஹார்லனின் முழங்காலில் போய் இறங்கியது.