ஐந்துக்கு ஐந்து வாங்கிய தகடு

அடுத்தவர் உடம்புக்கு "வலிக்காது" என்று உத்தரவாதம் கொடுப்பதற்கென்றே பிறவி எடுத்தவர்கள் ஓர் இனமாக நம் நடுவே உலாவுகிறார்கள். நீங்களும் பார்த்திருப்பீர்கள். புதுச் செருப்பு கடிக்கிறது என்றால் "போடப்போட சரியாயிடும்" என்பவர், ஊசி போடும்போது பக்கத்தில் நின்று சிரிப்பவர் எல்லாம் இதில் உதிரி ஆசாமிகள். முழு வளர்ச்சியடைந்த ஒருவரைப் பார்க்க வேண்டுமா? பல் எக்ஸ்ரே கருவி செய்யும் கம்பெனிக்கு வாருங்கள். இரண்டாம் மாடி, கண்ணாடிக் கதவு, உள்ளே சௌகரியம் சார்.

சௌகரியம் என்பது ஆபீஸ் வைத்த பட்டப்பெயர். எக்ஸ்ரே எடுக்கும்போது பல் டாக்டர் வாய்க்குள் ஒரு சின்னத் தகட்டை வைத்துக் கடிக்கச் சொல்வாரே, வால் மாதிரி வயர் தொங்குமே, அதுதான் சென்சார். வளையவே வளையாது, ஓரம் ஈறில் குத்தும், கொஞ்சம் பின்னால் தள்ளினால் குமட்டும். அதை வாய்க்குச் சௌகரியமாக வடிவமைப்பது சாரின் வேலை. பதினோரு வருடமாக வடிவமைக்கிறார். மேஜைமேல் ஒரு ரப்பர் தாடை எப்போதும் வாயைப் பிளந்துகொண்டிருக்கும். காலையில் வந்ததும் அதில் சென்சாரைச் செருகி, தலையைச் சாய்த்துப் பார்த்து, "எவ்வளவு அழகா உட்காருது பாருங்க!" என்று பூரித்துப் போவார். ரப்பர் தாடை இதுவரை ஒரு புகாரும் சொன்னதில்லை.

ரப்பரோடு நிற்பாரா? அந்த ஆபீசில் கொட்டாவி விடுவதே ஆபத்து. வரவேற்பு மேஜைப் பெண், காவலாளி, பார்சல் கொண்டுவந்து கையெழுத்துக்காக நின்ற மனிதர், விடுமுறைக்கு வந்த சொந்த மைத்துனர் என்று நூற்று நாற்பது வாய்களுக்குள் அந்தத் தகடு போய் வந்துவிட்டது. போகாத ஒரே வாய் சாருடையது. "நானே செஞ்சதுக்கு நானே மார்க் போட்டா நல்லாவா இருக்கும்?" என்பார். என்ன ஒரு நேர்மை!

மார்க் போடுவதற்குப் படிவம் உண்டு. அதைத் தகடு வாய்க்குள் இருக்கும்போதே நிரப்பிவிட வேண்டும் என்பது அவர் சட்டம். வெளியே எடுத்துவிட்டால் உணர்வு ஆறிப்போய்விடுமாம்.

"வசதியா இருக்கா?"

"ங்ங்ங்!"

"இருக்காம். அஞ்சு. ஓரம் குத்துதா?"

"ங்ஹாங்!"

"குத்தலையாம். அதுக்கும் அஞ்சு."

கண்ணில் நீர் கோத்தால் ஆனந்தக் கண்ணீர். இப்படித்தான் அந்தத் தகடு ஐந்துக்கு ஐந்து வாங்கியது.

வெள்ளிக்கிழமை, தகட்டை மொத்தமாக வார்த்தெடுக்கும் அச்சை வெட்ட அவர் கையெழுத்துப் போட வேண்டும். அச்சு வெட்டிவிட்டால் முடிந்தது கதை. ஆயிரமாயிரம் வாய்களுக்குத் தகட்டின் அதே கூர்மூலைதான். பக்கத்து மேஜை இன்ஜினியர் பெண் புதன்கிழமையே கெஞ்சினாள்.

"சார், அந்த மூலையை மட்டும் இன்னும் ரெண்டு எம்.எம். உருட்டிடலாம். எனக்கு நாக்குக்கு அடியில புண்ணே வந்துடுச்சு."

"நீயே அஞ்சு போட்டிருக்கியேம்மா!"

"அதை நான் போடல சார்."

சார் சிரித்துவிட்டு ரப்பர் தாடையைத் துடைக்கப் போய்விட்டார்.

வியாழக்கிழமை காலை, கடைவாய்ப் பல் அவரைக் கட்டிலிலிருந்து எழுப்பி உட்கார வைத்தது. மனைவி பல் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனார். டாக்டர் அம்மாவோ கம்பெனி சாம்பிளாகக் கொடுத்த சென்சாரைச் சோதித்துக்கொண்டிருப்பவர். "உங்க சென்சாரேதான் சார், குடுத்துவெச்சவர் நீங்க!" என்று எடுத்தார். சார் புதுமாப்பிள்ளைக் களையோடு வாயைத் திறந்தார்.

தகடு உள்ளே போனது. மூலை நாக்குக்கு அடியில் இறங்கியது. காலின் கட்டைவிரல்கள் இரண்டும் எழுந்து நின்றன. பதினோரு வருட உழைப்பும் ஒரே இடத்தில் குத்தியது.

டாக்டர் கடமை தவறாதவர். படிவத்தை எடுத்தார். "வசதியா இருக்கா சார்?"

"ங்ங்ங்!"

"இருக்காம் டாக்டர்," என்றார் மனைவி. "ஆசையாச் செஞ்சது. அஞ்சு போடுங்க."

"ஓரம் குத்துதா?"

"ஙாஆஆங்!"

"குத்தலையாம். அதுக்கும் அஞ்சு. போன வருஷம் என் வாய்லயும் வெச்சாரு, எனக்கு இந்தப் பாஷை நல்லாப் புரியும்."

தகடு வெளியே வந்ததுதான் தாமதம், சார் வாய் துடைக்காமலே இன்ஜினியருக்குப் போன் போட்டார். "அச்சை நிறுத்தும்மா! மூலையை உருட்டு! ரெண்டு பத்தாது, மூணு!"

"டாக்டர் போன்ல படம் புடிச்சு அனுப்பின படிவம் இப்பத்தான் வந்துச்சு சார். எல்லாத்துக்கும் அஞ்சு போட்டிருக்கீங்களே!"

"அதை நான் போடலம்மா!"

"சரி சார், நிறுத்திடறேன்," என்றாள்.

மூலை மூன்று எம்.எம். உருண்டது. படிவத்தின் தலையில் புதிதாக ஒரு வரி ஏறியது: 'முதலில் வெளியே எடுக்கவும், பிறகு கேட்கவும்.' ரப்பர் தாடை அலமாரிக்குப் போனது. சார் திருந்திவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம், இனம் அழிந்துவிட்டதா? விருந்தாளி முதல் கவளத்தை விழுங்குவதற்குள் "எப்படி இருக்கு?" என்று கேட்டு, அவர் தலையாட்டலை வாங்கிப் பத்திரப்படுத்தியவர் யார்? வீட்டில் எல்லோருக்கும் சம்மதம் என்று போன வாரம் அறிவித்தவர் யார்?

நான் அப்படியில்லை என்கிறீர்கள். ரொம்பச் சரி. சந்தேகமிருந்தால் பக்கத்தில் இருப்பவரைக் கேட்டுப் பாருங்கள். கேட்பதற்கு முன்னால், அவர் வாயில் நீங்கள் என்ன வைத்திருக்கிறீர்கள் என்று மட்டும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.