மீசைக்காரர் மார்க் இருமல் டானிக்

மதிப்புக்குரிய மச்சான் அவர்களுக்கு,

இங்கே நான் நலம். அங்கே நீங்கள் எல்லாரும், பத்து நாளாக உங்கள் வீட்டில் இருக்கும் உங்கள் தங்கை உட்பட, நலமாயிருக்க வேண்டும். முதலில் நல்ல செய்தி. என் இருமல் அடியோடு நின்றுவிட்டது. இந்த வரியை மட்டும் அவள் காதில் விழும்படி சத்தமாகப் படியுங்கள்.

நடந்ததை அவள் பாதிதான் சொல்லியிருப்பாள். மூடப்போகிற மருந்துக்கடையில் சல்லிசாகக் கிடைத்ததென்று நீங்கள் அனுப்பிய இரண்டு பாட்டிலிலும் ஒரே முறுக்குமீசை ஆசாமியின் படம். ஒன்று குடிக்க, ஒன்று மார்பில் தேய்க்க. எது எதற்கு என்பது கடுகளவு எழுத்தில் இருந்தது. என் கண்ணாடியோ நான் வேலை பார்க்கும் நூலகத்து மேசையில் இருந்தது. தேய்க்க வேண்டியதை ஒரு கரண்டி வாயில் விட்டேன். இரண்டு நாள் நாக்கு என்னுடையதாக இல்லை. குடிக்க வேண்டிய பாகை உங்கள் தங்கை மார்பில் சூடு பறக்கத் தேய்த்தாள். பிசுபிசுப்பாக இருக்கிறதே என்றதற்கு, அப்படியிருந்தால்தான் மருந்து ஒட்டுமாம். காலையில் பார்த்தால் படுக்கை முழுக்க எறும்பு. இருபத்தெட்டு வருஷம் என் குறட்டையைப் பொறுத்தவள் எறும்பைப் பொறுக்கவில்லை. "உங்க இருமல் நின்னாத்தான் இந்த வாசப்படி மிதிப்பேன்"னு சொல்லி, தலையணையைத் தூக்கிட்டுக் கிளம்பிட்டா.

வேலைக்குப் போனா அங்கேயும் நிம்மதி இல்ல மச்சான். 'அமைதி காக்கவும்' பலகையை எழுதி மாட்டினவனே நான்தான். பேப்பர் படிக்க வர்ற பெரியவர் ஒருத்தர் அதைக் கழற்றி என் முகத்துக்கு நேரா வெச்சிட்டார். சரின்னு இங்க தெருமுனை மருந்துக்கடைக்காரர் குடுத்த இருமல் மிட்டாயைச் சப்பினேன். அது பல்செட்டோட ஒட்டிக்கிட்டு ரெண்டும் சேர்ந்து கையோட வந்துடுச்சு. சாயங்காலம் வரைக்கும் வாயே திறக்காம புத்தகத்துக்கு முத்திரை குத்தினேன். ரொம்பப் பண்பா நடந்துக்கிட்டேன்னு அந்தப் பெரியவரே பாராட்டினார். எனக்கு அலுத்துப்போச்சு.

இப்போது எல்லாம் சரி. தொண்டை வெண்கல மணி. மெத்தையையும் மூன்று நாள் வெயிலில் காயப்போட்டாயிற்று. ஆகவே உங்கள் தங்கையை ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏற்றிவிடுங்கள்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசிகள். யாருக்கும் மருந்து வாங்கி அனுப்பாமல் நீங்கள் நூறாண்டு வாழ்க.

இப்படிக்கு,
உங்கள் தங்கை வீட்டுக்காரர்

பி.கு.: மச்சான், இருமல் நிற்கவில்லை. எழுத்து கோணிக்கொண்டு போகிற இடமெல்லாம் அதுதான். இந்த அடிப்பக்கத்தைக் கிழித்துவிட்டு மீதிக் கடிதத்தை அவளிடம் கொடுங்கள். இருமும்போது முதுகைத் தட்டிவிட ஆள் இல்லை. நானே தட்டிப் பார்த்தேன், கை எட்ட மாட்டேங்குது.