டேக் போடும் மாப்பிள்ளை

டேக்காளர் என்றோர் இனம் நம்மிடையே பெருகிவருகிறது. பார்ப்பதற்கு நம்மைப் போலத்தான் இருப்பார். கணினியைத் திறந்தால்தான் குட்டு வெளிப்படும். அதில் ஒரு ஃபோல்டர்கூட இருக்காது. மின்கட்டண ரசீது, கல்யாணப் புகைப்படம், பல் எக்ஸ்ரே, குழந்தையின் மதிப்பெண் பட்டியல் என்று பத்தொன்பதாயிரம் கோப்புகளும் ஒரே குவியலாகக் கிடக்கும். ஒவ்வொன்றின் கழுத்திலும் பத்துப் பன்னிரண்டு டேக், அதாவது அடையாளச் சொல், தொங்கும். குடும்பம், நீலம், செவ்வாய்க்கிழமை, அவசரம், அவ்வளவு அவசரமில்லை. ஒரு கோப்பை ஒரே ஃபோல்டரில் அடைத்துவைப்பது அநியாயம் என்பார். ரசீதுக்கு என்னய்யா அநியாயம்? கேட்டுவிடாதீர்கள். ஒன்றரை மணி நேரம் போய்விடும்.

எனக்கு வாய்த்த டேக்காளர் என் தங்கையின் கணவர். சமையலறை டப்பாக்களையும் விடாமல், உப்புக்கும் சர்க்கரைக்கும் 'வெள்ளை' என்று ஒரே சீட்டை ஒட்டியவர். குடும்பத்துக் காகிதங்களையெல்லாம் ஸ்கேன் செய்துகொண்டு, அசல் எதற்கு என்று கிழித்துப் போட்டவரும் அவரே.

சென்ற மாதம் என் அப்பாவுக்கு இடுப்பில் அறுவை சிகிச்சை. தள்ளுபடுக்கையில் ஏற்றியாகிவிட்டது. மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் வந்தார். முன்பு ஒருமுறை ஏதோ ஊசி ஒத்துக்கொள்ளாமல் மூச்சு முட்டியதாமே, அது எந்த ஊசி என்று தெரியாமல் தொடமாட்டேன் என்றுவிட்டார். ஊசியின் பெயர் பழைய ரிப்போர்ட்டில் இருக்கிறது. ரிப்போர்ட் மாப்பிள்ளையின் கணினியில் இருக்கிறது. வீட்டிலிருந்த அவருக்குத் தங்கை பதறிப்போய்ப் போன் போட்டாள். அவர் நிதானமாகக் கேட்டார்: "நான் அதுக்கு டேக் போட்டப்ப என்ன மனநிலைல இருந்தேன்?"

'மாமனார்' என்று தேடினார். முந்நூறு கோப்புகள் வந்தன. அந்த ரிப்போர்ட் மட்டும் அதில் இல்லை. 'மருத்துவம்' என்று தேடினார். நாய்க்குத் தடுப்பூசி போட்ட சீட்டு வந்தது. 'முக்கியம்' என்று தேடினார், ஏறக்குறைய பத்தொன்பதாயிரமும் வந்தன. முந்தைய இரவிலிருந்து பட்டினி கிடக்கும் அப்பா, மேற்கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

முக்கால் மணி நேரம் கழித்து ரிப்போர்ட் வந்து சேர்ந்தது. நர்ஸ் அதைத் தன் கணினியில் திறந்தார். டேக் என்பது கோப்போடு ஒட்டிக்கொண்டே ஊரெல்லாம் வரும் என்று யார் கண்டது? நோயாளியின் விவரம் என்று நினைத்து, ஓரத்தில் இருந்ததை அந்த அம்மாள் உரக்கப் படித்தார்:

"மற்றவர்கள். தொல்லை. பிறகு பார்க்கலாம்."

விஷயம் இதுதான். அந்த ரிப்போர்ட் வந்த வாரம் அப்பாவுக்கும் மாப்பிள்ளைக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அப்பா அவர் கணினியில் 'வீடு' என்று ஒரு ஃபோல்டர் திறந்துவிட்டாராம்.

சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. மாப்பிள்ளை ஆரஞ்சுப் பையோடு வந்து கட்டிலருகே நின்றார். அப்பா மெதுவாகக் கண்ணைத் திறந்தார்.

"பிறகு பார்க்கலாம்னு போட்டிருந்தீங்களே மாப்பிள்ள. இப்பப் பாருங்க."

மாப்பிள்ளை அன்றே 'அன்பு மாமனார்' என்று திருத்திவிட்டார். தங்கை மட்டும் இன்னும் அவரோடு சரியாகப் பேசவில்லை. அவள் கோபம் நியாயமானதுதான்.

நல்லவேளை, நமக்கு இந்தப் பைத்தியம் இல்லை என்று சிரிக்கிறீர்கள். சரி, உங்கள் கைப்பேசியில் மாமியாரின் எண்ணை என்ன பெயரில் போட்டு வைத்திருக்கிறீர்கள்? மேலாளரின் எண்ணை? எடுத்துப் பாருங்கள். அவர்கள் யாராவது பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் மட்டும், இப்போது வேண்டாம்.